ஆள்காட்டிக்கு எதற்கு மீன்?

ஒரு பெரிய ஆற்றின் நடுவே, நாணல் மண்டிய திட்டில் ஒரு நீர்நாய்க் குடும்பம் இருந்தது. அம்மா பெயர் அயிரை. அப்பா பெயர் விரால். நீர்நாய்கள் தங்களுக்குப் பிடித்த மீனின் பெயரைத்தான் பிள்ளைகளுக்கு வைக்கும். அதனால் மூத்த பெண்ணுக்குக் கெண்டை என்று பெயர். கடைக்குட்டிப் பையனுக்கு உளுவை என்று பெயர்.

விராலைப் பற்றிப் பேசும்போது 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். 'அது' என்று சொல்லிவிட்டால் அவருடைய மீசை துடிக்கும். ஆற்றில் அவருக்குத் தெரியாத மடுவும் இல்லை, சுழலும் இல்லை என்பது ஊரறிந்த சேதி. அதை ஊருக்கெல்லாம் சொன்னவரும் அவர்தான்.

அந்த வருஷம் மாசி மாதத்தில், பருவம் தப்பி ஒரு பேய்மழை பெய்தது. ஆறு பெருகி வளைக்குள் தண்ணீர் புகுந்தது. உளுவை அப்போது கண்கூடத் திறக்காத பச்சைக் குட்டி. அயிரை அவனை வாயில் கவ்விக்கொண்டு கரையிலிருந்த மருத மரத்தின் வேர்ப் பொந்துக்கு ஏறினாள். குட்டி நனைந்து விறைத்துப் போயிருந்தான். பால் குடிக்கவில்லை. குரல் எழுப்பவில்லை. அயிரை அவனை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கீழே சுழித்து ஓடும் தண்ணீரைப் பார்த்தாள்.

"இவன் பிழைச்சுக் கண்ணு முழிக்கட்டும். இந்தத் தண்ணியெல்லாம் போய்ச் சேருத கடலை இவனுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுதேன்" என்று நேர்ந்துகொண்டாள்.

வெள்ளம் வடிந்தது. உளுவை பால் குடித்தான். ஒருநாள் காலையில் இரண்டு கண்ணையும் திறந்து அம்மாவைப் பார்த்தான். அயிரைக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பங்குனி பிறந்ததும் புறப்பட்டுவிட்டார்கள்.

ஊருக்குப் போவதென்றால் சும்மாவா? கூடாரம் போட இரண்டு பனையோலை, தாமரை இலையில் மடித்த கருவாட்டுப் பொட்டலம், உளுவைக்குப் படுக்க நாணல் பஞ்சு. ஓலையை விரால் இழுத்துக்கொண்டு வந்தார். பொட்டலத்தைக் கெண்டை தூக்கிக்கொண்டாள். உளுவை அம்மாவின் முதுகில் சவாரி செய்தான்.

ஆற்றில் நீந்திப் போயிருந்தால் சீக்கிரம் போயிருக்கலாம். ஆனால் நீர்நாய்க் குட்டிக்குப் பிறந்த உடனே நீந்த வராது. அதன் குட்டி மயிர் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். பெரிய மயிர் முளைத்த பிறகுதான் பிள்ளையைத் தண்ணீரில் விடுவார்கள். அதனால் கரையோரமாகவே நடந்தார்கள்.

நீர்நாய்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. வழியில் அடுத்தவர் கரையில் தங்கினால், அங்கே பிடிக்கிற முதல் மீன் அந்தக் கரைக்காரருக்கு. தங்க இடம் கொடுத்ததற்கு அது நன்றி. கொக்கின் கரையில் கொக்குக்குக் கொடுத்தார்கள். ஆமையின் கரையில் ஆமைக்குக் கொடுத்தார்கள். முதலையின் கரையில் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று எறிந்துவிட்டு வந்தார்கள்.

கடலுக்கு வந்து சேர்ந்தபோது காலை வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மணல்மேடுகளும் பனைகளும் தாண்டியதும் முன்னால் ஒரே நீலம். அயிரை அப்படியே நின்றுவிட்டாள். இவ்வளவு தண்ணீரை அவள் கனவிலும் கண்டதில்லை.

"யம்மா, அக்கரை எங்க இருக்கு?" என்று கேட்டாள் கெண்டை.

"இருக்கும். கொஞ்சம் தள்ளி இருக்கும்" என்றார் விரால். தெரியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

யாருக்காக இவ்வளவு தூரம் வந்தார்களோ, அந்த உளுவை நல்ல தூக்கத்தில் இருந்தான். தூங்குகிற பிள்ளையை எழுப்ப அயிரைக்கு மனம் வரவில்லை. சாயங்காலம் காட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

கூழாங்கல்லும் சிப்பித் துண்டும் இறைந்து கிடந்த ஒரு மேடான தரையில் விரால் பனையோலையைக் கீழே போட்டார். போட்டதுதான் தாமதம்.

"யாரு அது? யாரு அது? அங்கனயே நில்லு!"

மஞ்சள் கால், கறுத்த கழுத்து, கண்ணோரத்தில் சிவப்புத் தசை. ஓர் ஆள்காட்டிப் பறவை அவர்களைச் சுற்றிச் சுற்றி ஓடிக் கத்தியது.

"நாங்க ஆத்துல இருந்து வாரோம். கடல் பாக்க வந்தோம். ரெண்டு மூணு நாள் இருந்துட்டுப் போயிருவோம்" என்றாள் அயிரை பணிவாக.

"இருங்க! எங்கன வேணும்னாலும் இருங்க! இங்கன வேண்டாம்! அய்யோ, கால எடு! முட்டை!"

விரால் துள்ளிப் பின்வாங்கினார். அவர் காலடியில் வெறும் கல்தான் கிடந்தது. உற்றுப் பார்த்தால் அதில் நான்கு கற்கள் முட்டைகள். கூடு இல்லை, புல் இல்லை. கல்லோடு கல்லாக, கல் நிறத்திலேயே கிடந்தன.

"இந்தா, காஞ்ச பாசி கோடு மாதிரி கெடக்குல்லா? அதுக்கு மேல என் வீடு! அதுக்குக் கீழ எங்க வேணும்னாலும் போங்க! போங்க!"

கரையில் காய்ந்த கடற்பாசி நீளமாகக் கோடு இழுத்தது போலக் கிடந்தது. அதற்கு மேலே கல்தரை. கீழே வழவழப்பான மணல்.

விராலுக்கு முகம் சுண்டிவிட்டது. "கரையில கோடு போட்டுல்லா வச்சிருக்கா! ஆத்துல முதலைகூட நம்மகிட்ட இப்படிப் பேசினதில்ல. வா அயிரை, கீழேயே போவோம். இன்னும் நல்லாக் கீழ போவோம். அவ மூஞ்சியில முழிக்க வேண்டாம்."

அப்படிக் கோபத்தில் நடந்ததில் ஓர் அருமையான இடம் கிடைத்தது. கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு கிடந்த ஒரு மணல் திட்டு. கரையோடு சேரும் இடத்தில் கொஞ்சம் தாழ்வு, நுனியில் மேடு. கல் இல்லை, முள் இல்லை. பாய் விரித்த மாதிரி இருந்தது.

"மணல் ஈரமா இருக்கே" என்றாள் அயிரை.

"ஈரமா இருந்தா என்ன அர்த்தம்? தண்ணி இப்பத்தான் வத்தியிருக்குன்னு அர்த்தம். வத்தின தண்ணி எப்ப திரும்பும்? அடுத்த மழைக்கு. எத்தன திட்டு பாத்திருக்கேன்!"

ஆற்றுக்கு அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆற்றில் தண்ணீர் மேலிருந்துதான் வரும். கீழே போனது போனதுதான். தையில் மணல் தெரிந்தால் ஐப்பசி வரை அதில் குடித்தனம் நடத்தலாம். பாவம், கடல் அப்படியில்லை என்று அவருக்குச் சொல்ல அங்கே யாருமில்லை. சொல்லக்கூடிய ஒருத்தியோடுதான் அவர் பேச்சை முறித்துக்கொண்டு வந்துவிட்டாரே.

நுனி மேட்டில் ஓலைகளைச் சாய்த்து ஊன்றிக் கூடாரம் போட்டார்கள். பஞ்சு மெத்தையில் உளுவையைக் கிடத்தினார்கள். பிறகு விரால் பக்கத்து உப்பங்கழியில் இறங்கி, வந்ததும் வராததுமாக ஒரு வெள்ளி மடவை மீனைப் பிடித்துவந்தார்.

"முதல் மீன்" என்று நினைவுபடுத்தினாள் அயிரை.

"யாருக்கு? அந்த வாயாடிக்கா?"

"கரை அவளுதுதானே. அவளே சொன்னாள்லா."

விரால் மீனை அவள் பக்கம் தள்ளினார். அயிரை மீனை வாயில் கவ்விக்கொண்டு போய், பாசிக் கோட்டுக்கு அருகில் மரியாதையாக வைத்தாள்.

"என்னது இது? மீனா?" ஆள்காட்டி அலறியது. "எனக்கெதுக்கு மீனு? நான் வண்டும் புழுவும் திங்குதவ! இந்த நாத்தத்துக்குக் காக்கா வருமே! எடு! எடு!"

சொல்லி வாய் மூடவில்லை. பனைமரத்திலிருந்து ஓர் அண்டங்காக்கை இறங்கியது. அதற்கு மீன்மேல் ஒரு கண், முட்டைமேல் ஒரு கண். ஆள்காட்டி பாய்ந்து பாய்ந்து அதை விரட்டியது. அயிரை மீனைத் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடினாள். வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

அந்த மீனை விரால் தின்றார். "நல்ல ருசி" என்று இரண்டு முறை சொன்னார்.

அயிரைக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. நன்றி சொல்லப் போய் உபத்திரவம் செய்துவிட்டு வந்திருக்கிறாள். அவள் மனம் கேட்காமல் அடிக்கடி கல்தரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காக்கையை விரட்ட எழுந்தாலும் ஆள்காட்டி உடனே முட்டைமேல் வந்து உட்கார்ந்துவிடும். வெயில் ஏறியதும் ஒரு விசித்திரம் நடந்தது. அது விடுவிடுவென்று தண்ணீருக்கு ஓடிவந்து, வயிற்றை மட்டும் நனைத்துக்கொண்டு, வந்த வேகத்தில் திரும்பி ஓடியது.

"தலைய நனைக்கல, றெக்கைய நனைக்கல. வயித்த மட்டும் நனைச்சிட்டுப் போறாளே, இது என்ன குளியல்?" என்று யோசித்தாள் அயிரை.

"கத்திக் கத்தி வயிறு எரிஞ்சிருக்கும்" என்றார் விரால்.

ஆள்காட்டி கத்துவதை நிறுத்தவேயில்லை. நண்டு போனால் கத்தியது. நாய் போனால் கத்தியது. தூரத்தில் படகு போனாலும் அதன் நிழலைப் பார்த்துக் கத்தியது. விராலுக்குக் காது புளித்துவிட்டது.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், உளுவை வயிறு முட்டப் பால் குடித்துவிட்டு மறுபடி தூங்கிப்போனான். குட்டியைத் தூங்கவைத்துவிட்டு மீன் பிடிக்கப் போவது நீர்நாய் வீட்டில் எப்போதும் உள்ளதுதான். மற்ற மூவரும் மணல்மேட்டுக்குப் பின்னால் இருந்த கழிக்குப் போனார்கள். ஆறு கடலில் கலக்கும் இடம் அது.

அங்கே மீன் என்றால் அப்படி ஒரு மீன்! கடல் பக்கத்திலிருந்து கூட்டம் கூட்டமாக உள்ளே வந்துகொண்டிருந்தன. கெண்டைக்குக்கூட இரண்டு கிடைத்தன. விராலுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா அயிரை? நாம மீனத் தேடிப் போக வேண்டாம். மீனே நம்மளைத் தேடி வருது. இடம் பாத்துக் கூட்டிட்டு வந்தது யாரு?"

கெண்டை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பூவரச இலை மிதந்து போனது. அது கடலை நோக்கிப் போகவில்லை. மேலே, ஆற்றை நோக்கிப் போனது.

"யம்மா, ஆறு வீட்டுக்குத் திரும்பிப் போகுது" என்றாள் கெண்டை.

"ஆறு எங்கட்டி திரும்பும்? காத்து அடிக்குது" என்றார் விரால், வாய் நிறைய மீனோடு.

அயிரை காற்றைப் பார்த்தாள். காற்று அடிக்கவில்லை. தண்ணீரில் கையை வைத்தாள். தண்ணீர் அவள் கையைத் தள்ளிக்கொண்டு உள்பக்கமாகப் போனது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த நேரத்தில் ஆள்காட்டியின் சத்தம் மறுபடி கேட்டது.

"ஆரம்பிச்சிட்டா" என்றார் விரால்.

அயிரை காதைத் தீட்டினாள். காலையிலிருந்து அந்தச் சத்தம் பனைமரப் பக்கமிருந்தே வந்துகொண்டிருந்தது. இப்போது கடல் பக்கமிருந்து வந்தது. ஒரே இடத்திலிருந்து, விடாமல் வந்தது. ஆள்காட்டி முட்டையை விட்டு எழுந்து அவ்வளவு தூரம் போய் நிற்க மாட்டாளே!

"ஏங்க, சத்தம் நம்ம கூடாரத்துல இருந்து வருது!"

சொல்லும்போதே அவள் கரையேறிவிட்டாள். பிடித்த மீனை அப்படியே போட்டுவிட்டு மணல்மேட்டில் ஏறி ஓடினாள்.

மேலே நின்று பார்த்தால், அவர்கள் காலையில் நடந்து போன வழி இல்லை. திட்டு கரையோடு சேர்ந்திருந்த தாழ்வான இடத்தில் அலை புரண்டுகொண்டிருந்தது. நுனி மேடு மட்டும் நடுக்கடலில் தனியாகத் தெரிந்தது. ஓலைக் கூடாரம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. அதன் அருகில் ஆள்காட்டி இறக்கையை விரித்து நின்றது. உளுவை தூக்கம் கலைந்து வெளியே வந்திருந்தான். தண்ணீரைக் கண்ட சந்தோஷத்தில் அவன் விளிம்புக்கு ஓடினான். ஆள்காட்டி குறுக்கே பாய்ந்து அவன் மூக்கில் ஒரு கொத்துக் கொத்தியது. அவன் வீறிட்டான்.

பின்னால் வந்த விராலுக்கு ரத்தம் கொதித்தது. "என் பிள்ளையக் கொத்துதா பாரு! இன்னிக்கு அவ கழுத்த..."

"கொத்தல! தள்ளுதா! நல்லாப் பாருங்க!" என்று கத்தினாள் அயிரை.

உளுவை இடப்பக்கம் இறங்கினான். ஒரு கொத்து. மேட்டுக்கு ஏறினான். வலப்பக்கம் இறங்கினான். இன்னொரு கொத்து. மறுபடி மேட்டுக்கு ஏறினான். ஒவ்வொரு கொத்தும் அவனைத் தண்ணீரிலிருந்து விலக்கி மேட்டுக்கே அனுப்பியது. விராலும் அதைப் பார்த்தார்.

"கெண்டை, நீ இங்கனயே நில்லு" என்று சொல்லிவிட்டு அயிரை தண்ணீரில் பாய்ந்தாள்.

ஆற்றுத் தண்ணீர் ஒரு பக்கமாக இழுக்கும். அதை அவளுக்குச் சமாளிக்கத் தெரியும். இந்தத் தண்ணீர் தூக்கிப் போட்டது, உருட்டியது, வாயில் உப்பை அள்ளித் திணித்தது. இரண்டு முறை புரண்டாள். மூன்றாவது அலை வந்தபோது அது அவள்மேல் விழவில்லை. விரால் அவளுக்கும் அலைக்கும் நடுவில் வந்து தன் முதுகைக் கொடுத்திருந்தார்.

"நீ போ. நான் இந்தப் பக்கம் நிக்கேன்" என்றார்.

அவர்கள் மேட்டில் ஏறும்போது அங்கே ஒரு முறம் அளவு மணல்தான் மிச்சமிருந்தது. கூடாரத்தை அலை கொண்டுபோய்விட்டது. ஆள்காட்டி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, விரித்த இறக்கைக்குள் உளுவையை அடக்கி வைத்திருந்தது. அவன் நடுங்கிக்கொண்டிருந்தான். அயிரை அவனைப் பிடரியில் கவ்விக்கொண்டாள். அவன் தலை நனையாதபடி கழுத்தைத் தூக்கிப் பிடித்து நீந்தினாள். விரால் ஒவ்வொரு அலைக்கும் முதுகைக் கொடுத்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். தலைக்கு மேலே ஆள்காட்டி கத்திக்கொண்டே பறந்து வந்தது. இந்த முறை அந்தச் சத்தம் அவர் காதுக்கு இனிமையாகவே இருந்தது.

கரையில் போட்டதும் உளுவை தும்மினான். பிறகு பசிக்கிறது என்று அழுதான். அயிரைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவனை நக்கி நக்கித் துவட்டினாள். கெண்டை தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். விரால் கடல் பக்கம் திரும்பினார்.

"வத்தின தண்ணி திரும்பி வருது" என்றார் மெதுவாக. "மழையே பெய்யாம வருது."

"அது தினமும் வரும்! தினமும் போகும்! அந்தப் பாசிக் கோடு வரைக்கும் வரும்!" என்றது ஆள்காட்டி, மூச்சு வாங்க. "உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? கடல் திரும்பி வரும்னு தெரியாத ஜீவன் உலகத்துல இருக்கும்னு நான் நெனக்கவேயில்ல. நான்தான் கீழ போங்கன்னு வெரட்டினேன். வயிறு நனைக்க வந்தவ பாத்தேன். பிள்ளை தனியாத் தூங்குது, சுத்திலும் தண்ணி. என் வாயால வெரட்டின பிள்ளைன்னு மனசு துடிச்சுப் போச்சு." அதற்குமேல் அது நிற்கவில்லை. "அய்யோ, என் முட்டை!" என்று பறந்தது.

உளுவையைக் கெண்டையிடம் விட்டுவிட்டு அயிரையும் பின்னாலேயே ஓடினாள்.

உச்சி வெயிலில் கல்தரை கொதித்துக்கொண்டிருந்தது. கால் வைக்க முடியவில்லை. ஆள்காட்டி முட்டைகளுக்கு மேல் நின்று இறக்கையை விரித்து நிழல் கொடுத்தது. வெயிலில் பறந்து வந்ததில் அதன் வயிறு காய்ந்து போயிருந்தது.

"சுடுது" என்றது ஆள்காட்டி. முதல்முறையாக அது கத்தவில்லை. "உள்ள வெந்துரும். தண்ணி கொண்டாரணும். இவ்வளவு நேரம் காஞ்சு கெடந்ததுல, இனி நான் போனா வெயில் தாங்காது. நான் இருந்தா தண்ணி இல்ல. இவங்கப்பா கழிக்கு அந்தப் பக்கம் இரை பொறுக்கப் போயிருக்காரு, சாயங்காலந்தான் வருவாரு."

அயிரை குனிந்து ஒரு முட்டையில் மூக்கை வைத்துப் பார்த்தாள். சுரீரென்றது. அப்போதுதான் அவளுக்கு அந்தக் குளியலின் அர்த்தம் விளங்கியது. மற்ற பறவைகள் முட்டைக்குச் சூடு கொடுக்கத் தவிக்கும். இவள் குளிர்ச்சி கொடுக்கத் தவிக்கிறாள். வயிற்றில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொண்டுவந்து பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். என் பிள்ளைக்காக அதை விட்டுவிட்டு வந்தாளே என்று நினைத்ததும் அயிரைக்குக் கண் நிறைந்துவிட்டது.

காலையில் இவளுக்கு மீன் கொண்டுவந்தோம். இவளுக்கு வேண்டியது நம் உடம்பு முழுக்க அல்லவா இருக்கிறது!

"நீ இறக்கைய விரிச்சபடியே நில்லு" என்றாள் அயிரை. முட்டைகளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, தலையிலிருந்து வால்வரை உடம்பை ஒரு உதறு உதறினாள். கடலில் மூழ்கி எழுந்த நீர்நாயின் மயிரில் எவ்வளவு தண்ணீர் இருக்கும்! அது தூறலாக முட்டைகள்மேல் இறங்கியது. கல்லிலிருந்து ஆவி எழுந்தது. ஆள்காட்டி அசையாமல் நின்றது.

"இன்னொரு தடவ" என்றது அது.

"ஒண்ணென்ன, பொழுது சாயுற வரைக்கும் வாரேன்" என்றாள் அயிரை.

அவள் திரும்பியபோது எதிரே விரால் வந்துகொண்டிருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தானாகவே கடலில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுச் சொட்டச் சொட்ட வந்தார். கால் சுட்டதால் ஒரு நடை நடந்து இரண்டு துள்ளு துள்ளினார். பாசிக் கோட்டருகே வந்ததும் நின்றார்.

"உள்ள வரலாமா?" என்று கேட்டார்.

"வாங்கண்ணே" என்றது ஆள்காட்டி.

அவர் முட்டையைத் தாண்டிப் போகாமல், பார்த்துப் பார்த்துக் காலை வைத்து, பக்கத்தில் நின்று உதறினார். அயிரை போனாள். அவர் வந்தார். அவர் போனார். அயிரை வந்தாள். நடுவில் அயிரை உளுவைக்குப் பால் கொடுத்தபோது கெண்டையும் ஒரு நடை வந்து உதறினாள். அவள் உதறியதில் பாதித் தண்ணீர் ஆள்காட்டியின் முகத்தில் விழுந்தது. ஆள்காட்டி ஒன்றும் சொல்லவில்லை. ஓயாமல் கத்துகிறவள் ஒன்றும் சொல்லாமலிருப்பதே பெரிய பாசம்தான்.

வெயில் தாழ்ந்து பனைநிழல் கல்தரையில் விழுந்தபோது, விராலின் உள்ளங்கால்கள் கொப்பளித்திருந்தன. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று அவர் தன்னைப் பற்றிப் பேசாமலிருந்த ஒரே விஷயம் அதுதான்.

"முட்டை எப்படி இருக்கு?" என்று கேட்டாள் அயிரை. கேட்கவே பயமாக இருந்தது.

ஆள்காட்டி தலையைச் சாய்த்து, ஒவ்வொரு முட்டையாகக் காதை வைத்துக் கேட்டது. நான்காவது முட்டையில் அது வெகுநேரம் காதை வைத்திருந்தது.

"இங்க வா. நீயே கேளு."

அயிரை காதை வைத்தாள். ஓட்டுக்குள்ளே சின்னதாக ஒரு தட்டல். பிறகு மெலிதாக ஒரு குரல். உள்ளே இருந்தபடியே அது கத்தத் தொடங்கியிருந்தது.

"உன் பிள்ளைதான், சந்தேகமே இல்ல" என்றார் விரால். ஆள்காட்டியே சிரித்துவிட்டது.

"உன் பேரென்னம்மா? காலையில இருந்து கேக்கவே இல்லையே" என்றாள் அயிரை.

"செவந்தி."

"செவந்தி, நான் என்ன சொல்ல? ஒரு தடவ வெள்ளத்துல இருந்து இவனப் பொறுக்கி எடுத்தேன். இன்னிக்கு நீ எடுத்துக் குடுத்திருக்க. நான் உசிரோட இருக்குத வரைக்கும் உன்ன மறக்க மாட்டேன்."

"இந்த நாலும் நாளைக்கு ஓடித் திரியும்லா? அதுங்க ஓடுத ஒவ்வொரு ஓட்டமும் உங்க உதறல்தான். நான் மட்டும் மறந்துருவேனாக்கும்?" என்றாள் செவந்தி.

கடல் அதற்குள் பாசிக் கோடு வரை வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அயிரை உளுவையைத் தூக்கிக்கொண்டு கோட்டருகில் வந்து உட்கார்ந்தாள். இந்த முறை அவன் விழித்திருந்தான். மூக்கில் ஒரு சின்னக் கீறல். அவன் கடலைப் பார்த்தான். சாயங்கால வெயிலில் அது தகதகவென்று இருந்தது. அவன் கண் இரண்டும் அகலமாக விரிந்தன. நேர்ச்சை நிறைவேறியது. அயிரை கடலுக்குக் கைகூப்பினாள். பிறகு திரும்பி, கல்தரைக்கும் கைகூப்பினாள்.

அன்று அவர்கள் செவந்தி காட்டிய இடத்தில், பாசிக் கோட்டுக்கு மேலே, ஒரு தாழம்புதரின் அடியில் படுத்தார்கள்.

மறுநாள் காலையில் விராலைக் காணவில்லை. அயிரை தேடிப் போனாள். ஆற்றிலேயே பெரிய மீன்காரரான அவர், பனையடியில் குனிந்து, கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எதையோ பாய்ந்து பிடித்தார். வாயில் கவ்வி, முகத்தைச் சுளித்துக்கொண்டு, கோட்டைத் தாண்டும் முன் நின்று அனுமதி கேட்டு, செவந்தியின் முன்னால் கொண்டுபோய் வைத்தார். ஒரு கறுப்பு வண்டு. அது இன்னும் காலை உதறிக்கொண்டிருந்தது.

"உங்க கரையில பிடிச்ச முதல் வண்டு" என்றார்.

செவந்தி ஒரே விழுங்காக விழுங்கினாள். "நல்ல ருசி" என்று இரண்டு முறை சொன்னாள்.

ஆகவே பிள்ளைகளே, நமக்குப் பிடித்ததைக் கொடுப்பது நன்றியல்ல. உதவியவருக்கு எது தேவையென்று அறிந்து, அதைக் கொடுப்பதே நன்றி.